கேளுங்கள் அக்கா: பருப்புக் கடைந்துவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் செலாயாங்கில் இருக்கிறோம். எனக்கு 29 வயது. மகனுக்கு வருகிற வாரம் பத்து மாதம் முடிகிறது. பிறந்த மூன்றாம் நாளே டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். இருதயத்தில் ஓட்டை இருந்தது. ஐந்தாம் மாதம் கோலாலம்பூர் ஐ.ஜே.என் இருதய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான், சிரிக்கிறான். "பிள்ளையோடு ஓயாமல் பேசு, அப்போதுதான் பேச்சு வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் கண் விழித்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். என் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அவன் என் முகத்தையே பார்க்கிறான், சத்தமே வருவதில்லை. நாத்தனார் மகள் இவனைவிடப் பதினைந்து நாள் இளையவள். "மம்மம், தாத்தத்தா" என்று வீட்டையே கலக்குகிறாள். இதற்கு நடுவில் ஒரு டாக்டர், "இந்தப் பிள்ளைக்கு இரண்டு மொழி தாங்காது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்" என்றார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்றிலிருந்து பேரனிடம் பேசவே பயப்படுகிறார். பக்கத்து வீட்டு அம்மா, கிரகணத்தில் வெளியே போனாயா என்று கேட்கிறார். நான் எங்கே தப்பு செய்கிறேன்? நானும் அவனும் விளையாடும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.
(வாசகி, செலாயாங்)

பதில்: தங்கச்சி, கிரகணத்தை முதலில் வாசலுக்கு வெளியே வைப்போம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 21-ஆம் எண் குரோமோசோம் இரண்டு இருக்கும். உங்கள் மகனுக்கு மூன்று இருக்கிறது. 1959-இல் பிரான்சில் ஜெரோம் லெஜூனும் அவருடன் இருந்தவர்களும் இதை எழுதி வெளியிட்டார்கள். பெரும்பாலும் கரு உருவாகும் முன்பே, முட்டை செல் பிரியும்போதே நடந்துவிடுகிற விஷயம் இது. நீங்கள் சாப்பிட்ட அன்னாசிக்கும், நிலாவுக்கும், போட்ட சண்டைக்கும் இதில் வேலையில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதை விளக்க வேண்டாம். பதில் சொல்லாமல் ஒரு தட்டு பலகாரம் கொடுத்து அனுப்பினால் போதும்.

இனி வீடியோ. நான்கு முறை பார்த்தேன். நாலாவது முறை பேனாவும் பேப்பரும் வைத்துக்கொண்டு எண்ணினேன். இரண்டு நிமிடம் பத்து வினாடிக்குள் நீங்கள் அவனிடம் 38 தடவை பேசியிருக்கிறீர்கள். "செல்லம் என்ன பண்றீங்க? இது என்னா? பந்தா? பந்து சொல்லு, ப...ந்...து, அம்மாவைப் பாரு, சொல்ல மாட்டியா?" ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்க ஒரு வினாடிகூட ஆகவில்லை. ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினீர்கள். அடுப்பங்கரையில் குக்கர் விசில் அடித்ததும் திரும்பிப் பார்த்தீர்களே, அப்போது. ஏழு வினாடி. அந்த ஏழு வினாடியில் உங்கள் மகன் என்ன செய்தான் என்று பார்த்தீர்களா? உங்கள் முதுகைப் பார்த்தான், வலது கையைத் தூக்கினான், உதட்டைக் குவித்து "அ...வ்" என்றான். நீங்கள் திரும்பி வந்து, "என்னடா செல்லம், பந்து சொல்லு" என்றீர்கள். அவன் வாய் மூடிக்கொண்டது.

உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் இப்படித்தான் செய்தேன், ஸ்பீச் தெரபி படித்துவிட்டு வந்த பிறகும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்குக் கேட்டதை வாங்கி, புரிந்து, கை கால் வாயை அசைத்துப் பதில் தர நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தசை தளர்வாக இருப்பதால் வாயும் சட்டென்று அசையாது. பதில் வரவில்லையே என்று அம்மா மறுபடியும் பேசுவாள். பிள்ளை பாதி வழியில் நின்றுவிடும். அம்மாவுக்குக் கவலை அதிகமானால் பேச்சும் அதிகமாகும். அவன் பேச வருகிற இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது, தங்கச்சி. உங்கள் கேள்விக்கு என் பதில் இது ஒன்றுதான்: பேசுங்கள், பிறகு நிறுத்தி, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பத்து என்றால் பத்து. நான்காவது எண்ணிலேயே உங்கள் நாக்கு துறுதுறுக்கும், எனக்குத் தெரியும்.

இதற்குப் பாடமோ விலை கொடுத்து வாங்கும் பொம்மையோ வேண்டாம். அத்தையைக் கூப்பிடுங்கள். பருப்புக் கடையும் விளையாட்டு அவருக்குத் தெரியாமல் இருக்காது. பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, முழங்கையால் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி அம்மாவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய் என்று பங்கு வைத்து, கையைக் கழுவி ஊற்றி, அப்புறம் நண்டு மணிக்கட்டிலிருந்து மெல்ல ஊர்ந்து அக்குளுக்குப் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு. ஒரு வாரம் தினமும் மூன்று நான்கு தடவை இதை அப்படியே விளையாடுங்கள். சொல்லும் மாறக்கூடாது, வரிசையும் மாறக்கூடாது. எட்டாம் நாள் நண்டை முழங்கை மடிப்பில் நிறுத்திவிடுங்கள். உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக, கண் உயரத்தில் இருக்கட்டும். புருவத்தைத் தூக்கி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் காத்திருங்கள்.

அவன் ஏதாவது செய்வான். தோளைக் குறுக்கலாம். உங்கள் விரலைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கலாம். காலை உதைக்கலாம். மூச்சை இழுத்துப் பிடிக்கலாம். "ஆ" என்று ஒரு சத்தம் வரலாம். எதைச் செய்தாலும் அது "இன்னும் வேணும்" என்று அர்த்தம். உடனே "இன்னும்! இன்னும் வேணுமா!" என்று சொல்லி நண்டை ஓடவிடுங்கள். தான் ஒன்று செய்தால் அம்மா ஒன்று செய்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிகிற இடம் அது. பேச்சுக்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுகிறது. விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தானென்றால் அதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு பொருளையும் ஒரு ஆளையும் கண்ணால் சேர்க்கத் தெரிந்த பிள்ளைக்குச் சொல் கற்றுத்தருவது எளிது. இந்தப் பிள்ளைகள் அம்மா முகத்தையே அதிக நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பொருள் பக்கம் கண்ணைத் திருப்பக் கொஞ்சம் தாமதமாகும். அவன் உங்கள் முகத்தையே பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பயப்பட ஒன்றுமில்லை. பந்தை உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பேசுங்கள். முகமும் பந்தும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

நாத்தனார் மகளோடு ஒப்பிடுவதை நான் நிறுத்தச் சொன்னாலும் நீங்கள் நிறுத்தப்போவதில்லை. அதனால் சரியாக ஒப்பிடக் கற்றுத்தருகிறேன். "பபப, மமம" என்று அடுக்கிச் சொல்வது மற்றப் பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் வரும். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் பிந்தும். முதல் சொல் இன்னும் பிந்தும். சிலருக்கு ஒன்றரை வயதில், பலருக்கு இரண்டு வயதையொட்டி அல்லது அதற்கு மேல். உங்கள் மகன் முதல் ஐந்து மாதம் பால் குடிக்கவே மூச்சு வாங்கியிருப்பான். சத்தம் போட்டு விளையாடத் தெம்பு எங்கே இருந்திருக்கும்? அதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் இவர்களுக்குப் புரிதல் பேச்சைவிட முன்னால் ஓடும். வாய் திறக்கவில்லை என்பதால் காதில் ஏறவில்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

காது என்றதும் நினைவு வருகிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். இவர்களுடைய காதுக்குழாய் குறுகலானது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வடியாது, காய்ச்சல் வராது. உலகம் மட்டும் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல் மங்கும். பிறந்தபோது செய்த காது டெஸ்ட் பாஸ் என்பது அன்றைய கணக்கு. அதை வைத்துப் பத்தாம் மாதம் நிம்மதியாக இருக்க முடியாது. உங்கள் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்கில்) காது சோதனைக்குக் கடிதம் கேளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி "கூப்பிட்டா திரும்புறானே" என்று சொன்னாலும் விடாதீர்கள். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிற பிள்ளைக்கு "ச"வும் "த"வும் கேட்காமல் இருக்கலாம். முதல் பிறந்தநாளையொட்டித் தைராய்டு இரத்தப் பரிசோதனையும் உண்டு. கண் டாக்டரிடம் இதுவரை போகவில்லை என்றால் அதற்கும் கடிதம் வாங்கிவிடுங்கள்.

கை ஜாடை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்று யாராவது சொல்வார்கள். என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அவன் 1978-இல் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தான், உங்கள் மகனைப் போலவே டவுன் சிண்ட்ரோமோடு. அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாயங்காலம் முடுக்கில் சைக்கிள் மணி கேட்டால் போதும், தம்பி கட்டை விரலை மட்டும் கீழே மேலே அழுத்திக் காட்டுவான். மணி அடிக்கிறானாம். அப்பா வருகிறார் என்று அர்த்தம். இரண்டு வயது அப்போது. எங்கள் ஆயா, "ஆமாண்டா ராசா, அப்பா வராரு, அப்பா!" என்று அதே கட்டை விரலைக் காட்டிப் பதில் சொல்லும். தலையில் கை வைத்தால் குளிக்கணும், உதட்டைத் தொட்டுவிட்டுக் கதவைக் காட்டினால் கடைக்குப் போய் ரொட்டி வாங்கணும். இப்படி ஒன்பது ஜாடை அவனுக்கு இருந்தது. அந்த வருஷம் அவனைப் பரிசோதித்த ஓர் இடத்தில் அட்டையில் "பேச்சு இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டே முக்கால் வயதில் அவன் சொன்ன முதல் சொல் "ப்பா". கட்டை விரலை ஆட்டிக்கொண்டேதான் சொன்னான். கொஞ்ச நாளில் விரல் நின்றது, சொல் தங்கியது. நான் ஸ்பீச் தெரபித் தொழிலுக்கு வந்ததற்கு அந்த அட்டையும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் இதைப் படிக்க வெளிநாடு போக வேண்டும். இங்கே மலேசியாவில் யூ.கே.எம் பல்கலைக்கழகம் 1995-இல் பட்டப்படிப்பு தொடங்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

இப்பிள்ளைகளுக்குக் காதில் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம், கண்ணில் பட்டது நன்றாக நிற்கும். அதனால்தான் ஜாடை உதவுகிறது. மூன்றே மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: பால், இன்னும், போதும். உள்ளங்கையை மூடி மூடித் திறந்தால் பால், விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டினால் இன்னும், கையை விசிறினால் போதும். தெரபிஸ்ட் வேறு ஜாடை சொல்லிக் கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்தால் சரி, தாத்தா உட்பட. ஜாடை காட்டும்போது சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் திருப்பிச் செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். அவன் கையைப் பிடித்து இழுத்துச் செய்ய வைக்காதீர்கள்.

கடைசியாக மொழி. இங்கிலீஷ் மட்டும் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது தவறு. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தவர்களையும் வைத்துக் கனடாவில் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. இரண்டு மொழிப் பிள்ளைகள் இங்கிலீஷிலும் பின்தங்கிவிடவில்லை. நம் ஊரில் நாளைக்கு நர்சரியில் மலாய், இங்கிலீஷ் இரண்டும் தானாக வந்து சேரும். இப்போது அவனுக்கு வேண்டியது தயங்காமல் வருகிற பேச்சு. வாய்க்கு வராத மொழியில் எப்படித் தாலாட்டுவது, எப்படித் திட்டுவது, எப்படிக் கொஞ்சுவது? அதிலும் நம் வீட்டு முதல் சொற்களைப் பாருங்கள்: அம்மா, அப்பா, பாப்பா, மம்மம், பூ. எல்லாம் உதட்டிலேயே பிறக்கிற சொற்கள், பிள்ளை கண்ணால் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். இன்றைக்கே அத்தையிடம் போய், "அத்தை, நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அக்கா சொன்னாங்க" என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். அந்த அம்மா இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் வருத்தியது.

நாற்பது நாள் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். குக்கரை மட்டும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம், டவுன் சிண்ட்ரோம். நாக்கு எப்போதும் வெளியே நிற்கிறது. நாக்கு பெரிசாக இருப்பதால் பேச்சு வராதா? பீப்பி ஊத வைத்தால் சரியாகும் என்கிறார்களே?
(ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பெரும்பாலும் நாக்கு அவ்வளவு பெரிசு இல்லை ஐயா, வாய்க்குள் இடம்தான் சின்னது. அதோடு தசையும் தளர்வு, அதனால் நாக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூக்கு அடைத்திருந்தாலும் வாயால் மூச்சு விடுவாள், நாக்கு இன்னும் வெளியே வரும். முதலில் மூக்கைப் பாருங்கள். பால் குடிக்கும்போது இருமுகிறாளா, அடிக்கடி நெஞ்சுச் சளி வருகிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பீப்பி, மெழுகுவத்தி, பலூன் ஊதினால் பேச்சு வரும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று கிடையாது. ஏழு மாதப் பிள்ளை ஊதவும் ஊதாது. அவள் "அக்கு" என்றால் நீங்களும் "அக்கு" என்று சொல்லி, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். மேலே சொன்ன பத்து எண்ணும் கதைதான்.

கேள்வி: பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான் என்று போனில் பாட்டு வீடியோ போடுகிறோம். தமிழ்ப் பாட்டுதான். பேச்சு வளர உதவும் இல்லையா? ஒன்றரை வயது, டவுன் சிண்ட்ரோம். எங்கே பயிற்சிக்குப் போவது என்றும் சொல்லுங்கள்.
(வாசகி, கெப்போங்)

பதில்: தமிழ்ப் பாட்டானாலும் போன் போன்தான். பிள்ளை "ஆ" என்றால் அது நின்று பதில் சொல்லாது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. பாட்டை நீங்களே பாடுங்கள், ராகம் தப்பினாலும் அவன் புகார் சொல்லமாட்டான். கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு நிறுத்தினால் இன்னும் நல்லது.

பயிற்சிக்கு: பெட்டாலிங் ஜெயாவில் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறவாரியம் கைக்குழந்தைகளையும் எடுத்துக்கொள்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் இன்றே பெயர் கொடுத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். சமூகநல இலாகாவான ஜே.கே.எம்-இல் ஓ.கே.யூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்குப் பதிவு செய்யுங்கள், பதிவுக்குக் கட்டணம் இல்லை. அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும் என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். உதவித்தொகை, பி.டி.கே என்கிற சமூக மறுவாழ்வு நிலையம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். பி.டி.கே நிலையங்கள் 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி இன்று நாடெங்கும் இருக்கின்றன. உங்கள் பக்கத்தில் எது என்று ஜே.கே.எம் கவுண்டரிலேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: பேத்திக்கு டவுன் சிண்ட்ரோம், எட்டு மாதம். நாக்கு திருந்துவதற்கு வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்துத் தடவலாம் என்று இருக்கிறேன். மருமகள் கூடாது என்று சண்டை போடுகிறாள். யார் சொல்வது சரி?
(பாட்டி, பத்துமலை)

பதில்: அம்மா, இந்தத் தடவை மருமகள் பக்கம்தான் நான். ஒரு வயது ஆகாத எந்தப் பிள்ளைக்கும் தேன் கொடுக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து பச்சைப் பிள்ளையின் குடலில் முளைத்து, தசையையே செயலிழக்க வைக்கும். ஏற்கெனவே தசை தளர்வாக உள்ள பேத்திக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். வசம்பிலும் உடம்புக்கு ஆகாத சரக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். நாங்களெல்லாம் அதைத் தின்றுதானே வளர்ந்தோம் என்பீர்கள். நானும் தின்றவள்தான். ஆனால் வசம்பு தடவி எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வந்து நான் பார்த்ததில்லை. மருமகள் சம்மதித்தால் கையில் வசம்பு வளையல் வேண்டுமானால் கட்டிக்கொள்ளுங்கள். எட்டு மாதப் பிள்ளை எல்லாவற்றையும் வாயில் வைக்கும், அதனால் தூங்கும்போதும் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் கழற்றி வைத்துவிடுங்கள்.